பின்பக்கம் எழுதியது செல்லாது

அவைத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் கருவுயிர்க் காப்பு மன்றத்தின் தலைவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், என் பெருமதிப்பிற்குரிய சிவப்பிரகாசம் ஐயா அவர்களே. மன்றத்தின் ஆதரவைப் பெற்று இம்மேடையை அணிசெய்யும் ஒன்றியத் தலைவர், வரும் சட்டமன்றத் தேர்தலின் வேட்பாளர் அன்பிற்குரிய சிங்காரவேல் அவர்களே. ஜெனரல் ஷிப்ட் முடித்து வீட்டுக்கும் போகாமல் நேரே வந்து அமர்ந்திருக்கும் சுரங்கத் தோழர்களே. மந்தாரக்குப்பத்திலிருந்து நடந்தே வந்திருக்கும் ஒப்பந்தத் தொழிலாளச் சகோதரர்களே. சுற்றுவட்டக் கிராமங்களின் உழவர் பெருமக்களே. எல்லோருக்கும் மேலாக, இடப்புறம் பாயில் அமர்ந்திருக்கும், வயிற்றில் சுமந்தும் இடுப்பில் சுமந்தும் மனத்தில் சுமந்தும் இந்த ஊரை மனிதர் வாழும் ஊராக்கிய தாய்மார்களே. உங்கள் அனைவருக்கும் இந்தச் சோமசுந்தரத்தின் பணிவான வணக்கம்.

கடைசி வரிசையில் கை உயர்கிறது. கேட்கவில்லையா? மன்னிக்க வேண்டும். என் குரலே அவ்வளவுதான். ஒலிபெருக்கியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொள்கிறேன்.

எனக்குத் தரப்பட்ட வேலை மிகச் சிறியது. தேர்தல் வேட்பாளர்களுக்கு நம் மன்றம் வழங்கியிருக்கும் மதிப்பெண் பட்டியலை நான் வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டு, அதிக மதிப்பெண் பெற்றவர் கழுத்தில் மாலையிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. மாலை அதோ நாற்காலியின் மேல் இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் எனக்கு அரை மணி நேரம் வேண்டும். தலைவர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும். மூன்று ஆண்டுகளாக நானும் நேரம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் யார் என்று இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் இங்கே நிலக்கரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். சுரங்கத்திலிருந்து வரும் மாதிரியைக் குவிப்போம். குவியலை நான்காகப் பிரிப்போம். எதிரெதிர்ப் பகுதி இரண்டை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குவோம். மறுபடி குவிப்போம், மறுபடி பிரிப்போம். கடைசியில் ஒரு கைப்பிடி மிஞ்சும். அதை எரித்து, ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று எழுதுவோம். சீட்டு ஒட்டாமல் வந்த பையைத் திறக்கவே மாட்டோம். உள்ளே எவ்வளவு நல்ல கரி இருந்தாலும் சீட்டு இல்லாத பை செல்லாது. அதுதான் விதி. நான் விதியில் வாழ்ந்தவன், விதியில் வளர்ந்தவன், விதியில் ஒளிந்துகொண்டவன்.

இந்த மன்றத்துக்கு நான் வந்தது விதியால் அல்ல, வேதனையால். என் மனைவி பார்வதி அதோ தாய்மார்கள் நடுவில் அமர்ந்திருக்கிறாள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இந்தச் செம்மண்ணுக்கு வந்த நாளில் எங்களுக்கு இளவயது. மூன்று முறை அவள் வயிறு நிறைந்தது. மூன்று முறையும் ஐந்தாம் மாதம் தாண்டவில்லை. மூன்று பெயர்களை நாங்கள் முடிவு செய்து வைத்திருந்தோம். அந்தப் பெயர்களால் யாரையும் ஒருமுறைகூட அழைத்ததில்லை. வராத ஓர் உயிருக்காக அழுதவனிடம், வருகிற உயிரை வேண்டாம் என்று கலைக்கலாம் என ஒரு சட்டம் வந்திருக்கிறது என்று சொன்னபோது அவன் என்ன நினைப்பான்? கருவில் இருப்பதும் உயிர் என்று அன்று நம்பினேன். இன்றும் நம்புகிறேன். என்னை எதிர்க்கட்சிக்காரனாக யாரும் எண்ண வேண்டாம். நான் இந்த மன்றத்துக்காரன். அதனால்தான் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. அதனால்தான் சொல்ல இத்தனை நாள் துணிவில்லாமல் போனது.

எண்பத்தாறாம் ஆண்டு ஒன்றியத் தேர்தல் வந்தது. நம் தலைவர் ஐயா என் வீட்டுக்கு வந்தார். "சோமசுந்தரம், வேட்பாளருங்க எல்லாரும் மேடையில தேனா பேசுறாங்க. எவன் நம்ம ஆளு, எவன் இல்லன்னு சனங்களுக்குத் தெரியணும். நீங்க கரிக்கு மார்க் போட்ட ஆளு. மனுசனுக்கும் போடுங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஓய்வு பெற்ற ஒருவனிடம் அவன் பழைய தொழிலை மறுபடி செய்யச் சொன்னால் பெருமையாகத்தானே இருக்கும்.

பத்துக் கேள்விகள் தயாரித்தேன். கருக்கலைப்புச் சட்டத்தைத் திரும்பப் பெறக் குரல் கொடுப்பீர்களா? உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட மகப்பேறு நிலையத்தில் கருக்கலைப்பை அனுமதிக்க மாட்டேன் என உறுதி தருகிறீர்களா? கருக்கலைப்புப் பணியில் இருந்த எவரையும் அங்கே நியமிப்பதை எதிர்ப்பீர்களா? இப்படிப் பத்து. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஆம் என்றால் பத்து மதிப்பெண். இல்லை என்றால் சைபர். காலியாக விட்டாலும் சைபர். எண்பதும் அதற்கு மேலும் பெற்றவர் ஆதரவுக்குரியவர். நாற்பதுக்குக் கீழே தவிர்க்கத்தக்கவர். தாளின் அடியில் நானே என் கையால் ஒரு வரி எழுதினேன். பின்பக்கம் எழுதியது செல்லாது.

யாரோ சிரிக்கிறீர்கள். பரீட்சைத் தாள் மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். ஆமாம் தம்பி, பரீட்சைத் தாள்தான். பரீட்சை என்றால் சிலர் படிப்பார்கள், சிலர் வாத்தியாரைப் பார்ப்பார்கள். சிங்காரவேல் அவர்களின் ஆள் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நாகரிகமாகத்தான் கேட்டார். "சாரு, எத்தினி ஆம் போட்டா எத்தினி மார்க்குன்னு கொஞ்சம் சொல்லிப்புடுங்களேன். எங்காளு வெளியூரு போறாரு, நானே பூர்த்தி பண்ணிகினு வந்துடறேன்" என்றார். நான் என்ன செய்தேன்? கதவைச் சாத்தினேனா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்துக் கேள்வியையும் ஒவ்வொன்றாக விளக்கினேன். காபி கூடக் கொடுத்தேன். மறுநாள் தாள் வந்தது. நூற்றுக்கு நூறு.

சிங்காரவேல் அவர்களே, உங்களை அவமானப்படுத்த இதைச் சொல்லவில்லை. கேள்வி கேட்டவன் நான், விடை சொல்லிக் கொடுத்தவனும் நான்.

அந்தத் தேர்தலில் இன்னொருவர் நின்றார். மந்தாரக்குப்பத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் சாமியம்மாள். கணவர் ஒப்பந்த வேலையில் இருந்து இறந்தவர். கடைக்கு வரும் தொழிலாளிகள் சேர்ந்து அவரை நிற்க வைத்தார்கள். கேள்வித்தாளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுப்புப் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார்.

"இதுல இன்னா சாரு, ஆமாவா இல்லியான்னு மட்டும் கேட்டுகினு இருக்கீங்க?"

"அவ்வளவுதான் அம்மா. டிக் அடித்தால் போதும்."

"ஆமான்னு எழுதிட்டா புள்ள பொழைச்சிக்குமா?"

விதிகளில் அந்தக் கேள்வி இல்லை. "ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை தாள் வந்தது. பத்துக் கேள்வியும் காலி. பத்துக் கட்டமும் வெறுமை. பென்சிலால் ஒரு புள்ளிகூட இல்லை. பின்பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தது, மைக்கறை முன்பக்கம் வரை ஊறியிருந்தது. கண்டேன். கண்டும் திருப்பவில்லை. சீட்டில்லாத பையைத் திறக்காத கை, தாளைத் திருப்பவும் மறுத்துவிட்டது. பத்து சைபர்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினேன். ஆம், கூட்டவும் செய்தேன். கூட்டல் சரியா என்று இரண்டு முறை பார்த்தேன்.

மதிப்பெண் அட்டை அச்சாகி வந்தது. பிளாக் பிளாக்காகப் போனோம். வீடு வீடாகக் கொடுத்தோம். கம்பெனி பஸ்ஸில் கொடுத்தோம். சந்தையில் கொடுத்தோம். இரண்டே நாளில் இட்லிக் கடைக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. சைபரம்மா கடை. "சைபரம்மா, ரெண்டு இட்லி வையி, மார்க்கு மாரி காலியா வைக்காத, சட்னி ஊத்து" என்று கேலி. அவர் சிரித்துக்கொண்டே ஊற்றினார் என்று சொன்னார்கள். நான் அங்கே இல்லை. நான் அடுத்த தெருவில் அட்டை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தெருவில்தான், அன்பர்களே, வாடகைக் குடிசை வரிசையில், ஓர் இளம்பெண் என்னிடம் அட்டையைக் கை நீட்டி வாங்கினாள். இடுப்பில் ஒரு பிள்ளை, முந்தானையைப் பிடித்தபடி ஒரு பிள்ளை. எழுதப் படிக்கத் தெரியாது போல. அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"சாமியம்மா அக்காவுக்கு எத்தினிங்க மார்க்கு?"

"சைபர் அம்மா."

"சைபருன்னா… அவங்க வர மாட்டாங்களா?"

"மக்கள்தானே முடிவு செய்ய வேண்டும்."

"அவங்க வந்தா ஆஸ்பத்திரில நர்சம்மா வந்து குந்திக்குவாங்கன்னு சொன்னாங்களே."

நான் அன்பாகத்தான் பேசினேன். "கவலைப்படாதே அம்மா. நல்லவர்தான் வருவார்" என்றேன். அவள் அட்டையை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் அடுத்த வீட்டுக்குப் போனேன். அவள் பெயரைக் கேட்கவில்லை. அட்டை கொடுத்த வீடுகளின் எண்ணிக்கையில் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். அந்த ஒரு கோடுதான் அவளுக்கு நான் கொடுத்த இடம்.

நானூற்றுச் சொச்சம் வாக்கில் சாமியம்மாள் தோற்றார். சிங்காரவேல் அவர்கள் ஒன்றியத் தலைவரானார்.

ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு மகப்பேறு நிலையம் இருக்கிறது. ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். ஓடு வேய்ந்த கட்டடம், இரண்டு கட்டில், வாசலில் வேப்ப மரம். ஒன்றரை ஆண்டாக அங்கே செவிலி இல்லை. அந்தப் பங்குனியில்தான் ஒருவர் வருவதாக இருந்தது. அனுபவம் உள்ள பெண்மணி. ஆனால் அவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் கருக்கலைப்பும் நடந்ததாம். செய்தி சிங்காரவேல் அவர்களுக்கு எட்டியது. நம் மூன்றாவது கேள்விக்கு அவர் ஆம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் அல்லவா? அப்படிப்பட்டவர் இங்கே வேண்டாம் என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். நியமனம் வேறு ஊருக்குப் போனது. வேறொருவர் வரவில்லை. கதவில் பூட்டு, பூட்டின் மேல் துரு.

சிங்காரவேல் அவர்கள் வாக்குத் தவறினாரா? இல்லை. சொன்னதைச் செய்தார். நாம் எதைக் கேட்டோமோ அதைக் கொடுத்தார். ஒரு துளி கூட்டவில்லை, ஒரு துளி குறைக்கவில்லை. வாக்குத் தவறியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று நான் படுத்துக் கிடந்து எண்ணிய நாட்கள் உண்டு.

அந்தக் கடிதத்துக்காக நம் மன்றம் அவருக்கு நன்றித் தீர்மானம் நிறைவேற்றியது. நீங்கள் கைதட்டினீர்கள். அந்தத் தீர்மானத்தின் நடை நன்றாக இருந்ததென்று பலர் சொன்னீர்கள். கருவறை வாசலில் காவல் நின்ற கண்ணியவான் என்று அதில் ஒரு வரி வரும். அது என் வரி.

சித்திரை பிறந்தது. ஆய்வுக்கூடத்தில் எரித்த மாதிரியின் மிச்சத்தை மூன்று மாதம் வைத்திருப்போம், பிறகு கொட்டிவிடுவோம். அந்தப் பழக்கத்தில் வேட்பாளர்களின் தாள்களையும் மூன்று மாதம் வைத்திருந்து, நான்காம் மாதம் பார்வதியிடம் கொடுத்தேன். சமையலறை அலமாரியில் விரிக்கட்டும் என்று. நான் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்து என் எதிரே நின்றாள்.

"என்னங்க, இந்தத் தாளப் படிச்சீயளா?"

"எது? சாமியம்மாள் தாளா? அது காலித்தாள்."

"பின்னால திருப்பிப் பாத்தீயளான்னு கேக்கேன்."

"பின்பக்கம் எழுதினது செல்லாது பார்வதி."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இந்த மேடையில் சொல்ல எனக்குத் தமிழ் போதாது. முப்பது ஆண்டு என்னோடு வாழ்ந்தவள், என்னை முதல்முறை பார்ப்பவளைப் போலப் பார்த்தாள். "நம்ம பிள்ளைய மூணும் பின்பக்கம் எழுதினதுதானா அப்ப?" என்றாள். தாளை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று எங்கள் வீட்டில் உலை கொதிக்கவில்லை.

நான் திருப்பினேன். படித்தேன். அன்று பிற்பகலே மந்தாரக்குப்பத்துக்கு நடந்தேன். தாளில் இருந்த ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் குடிசை வரிசையில் விசாரித்தேன். கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள், கஸ்தூரியம்மாள் என்று பெயர், வாசலில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"கனகத்தையா கேக்கறீங்க? அது செத்துப்போயி பதினாறு நாளாவுதே. யாரு நீங்க, சொந்தமா?"

"இல்லை."

"நர்சு வர்ல, ஆஸ்பத்திரி தெறக்கலன்னு தெரிஞ்சதும் அதுக்கு பயம் புடிச்சிகிச்சி. முந்தின புள்ளைக்கி வண்டிலயே பெத்து, ரத்தம் நிக்காம சாவக் கெடந்து பொழச்ச பொம்பள. மறுபடி அப்டி ஆனா இந்த ரெண்டயும் யாரு பாத்துக்குவாங்கன்னு யாராண்டயோ போயி கலைச்சிகினு வந்துது. அஞ்சே நாளு காய்ச்சலு."

"கணவர்?"

"கண்ணையனா? புள்ளைங்கள இட்டுகினு கரும்பு வெட்டப் போயிட்டான். மேல்பட்டாம்பாக்கம் பக்கம்னு சொன்னாங்க. வூட்டுச் சாமான் ஒண்ணுமில்ல, ஒரு மூட்டதான்." கீரையை முறத்தில் தட்டிவிட்டு அந்த அம்மாள் என்னையே கூர்ந்து பார்த்தார். "நீங்க அந்த மார்க்கு அட்ட குடுக்க வந்த சாரு இல்ல?"

ஆமாம். அட்டை கொடுத்த சார். என் பெயர் அதுதான்.

அட்டையை நான்காக மடித்து இடுப்பில் செருகிய பெண்தான் கனகம். தாய்மார்களே, நீங்கள் அழ வேண்டாம். அழும் தகுதி இந்த மேடையில் இருக்கும் எங்களுக்குத்தான் வர வேண்டும். அது எங்களுக்கு இன்னும் வரவில்லை.

மறுநாள் தலைவர் ஐயாவிடம் தாளைக் கொண்டுபோனேன். ஐயா, என்ன சொன்னீர்கள் என்பதை இங்கே சொல்ல அனுமதிக்க வேண்டும். "கிழிச்சுப் போடுங்க சோமசுந்தரம். பின்பக்கம் செல்லாதுன்னு விதி போட்டது நீங்கதான? ஒருத்திக்காக விதிய மாத்துனா ஊர்ல ஒவ்வொருத்தனும் பின்பக்கம் எழுதிகிட்டு வருவான்" என்றீர்கள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு நண்பருக்குச் சொல்வது போலத்தான் சொன்னீர்கள். நானும் சரி ஐயா என்றேன். விதி என்னுடையது. என் விதியை என்னிடமே திருப்பிக் கொடுத்தால் நான் எங்கே போவேன்?

கிழிக்கவில்லை. அதுவரைதான் என் துணிவு. மூன்று ஆண்டு அது என் சட்டைப் பையில் சட்டை மாற்றி மாற்றி வந்தது. மூன்று ஆண்டு மன்றத்துக்கு வந்தேன், நடவடிக்கைக் குறிப்பு எழுதினேன், கையெழுத்திட்டேன். கருவில் இருக்கும் உயிரைக் காக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசி வரி எழுதினேன். பையில் இருந்த உயிரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

இப்போது எண்பத்தொன்பது. புதிய பட்டியல். கேட்கச் சலிப்பாக இருக்கிறதா? அதோ ஒருவர் எழுந்து போகிறார். போகலாம் ஐயா, பஸ் நேரம் தெரியும். இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்.

இம்முறை வேட்பாளர்கள் ஐந்து பேர். நால்வர் நூற்றுக்கு நூறு. எப்படி? மூன்று தாள்கள் ஒரே கையெழுத்து, ஒரே மை. எந்தப் பதிலுக்கு எந்த மதிப்பெண் என்பது இப்போது தேநீர்க் கடையில்கூடத் தெரியும். நாம் மனிதர்களை அளந்தோமா? நாம் அளப்போம் என்று தெரிந்தவர்கள் நம்மை அளந்தார்கள். நூறு பெற்ற நால்வரில் யாரை ஆதரிப்பது? செயற்குழு கூடியது. சொல்லுக்கு நூறு, செயலுக்கு மேலும் ஐந்து என்று ஒரு புதிய விதி வந்தது. அந்த ஐந்தைப் பெற்றவர் சிங்காரவேல் அவர்கள். நூற்றுக்கு நூற்றைந்து. எந்தச் செயலுக்கு? ஒரு மகப்பேறு நிலையத்துக்கு வரவிருந்த செவிலியைத் தடுத்த கடிதத்துக்கு.

அந்தக் கடிதத்துக்கு. அந்தப் பூட்டுக்கு. அந்தப் பதினாறு நாளுக்கு. ஐந்து மதிப்பெண்.

கரியை எரித்துப் பார்த்துத்தான் மதிப்பெண் போட்டவன் நான். எரித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்காமல் ஒரு மாதிரிக்கும் நான் மதிப்பெண் போட்டதில்லை. மனிதருக்கு மட்டும் தாளைப் பார்த்துப் போட்டேன். மிஞ்சியதைப் பார்க்கப் போனபோது மிஞ்சியது ஒரு சாத்திய கதவு.

போன வாரம் இட்லிக் கடைக்குப் போனேன். மூன்று ஆண்டாக அந்தத் தெருவைச் சுற்றிப் போனவன். சாமியம்மாள் என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "சைபரு போட்ட சாரு வந்துட்டாரு, நல்ல தட்டா எடு" என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் தாளை எடுத்து, அம்மா, இதை இப்போதுதான் படித்தேன் என்று பொய் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. மூன்று ஆண்டுக்கு முன்பே படித்தேன் என்றேன். அவர் சிரிப்பு நின்றது.

"படிச்சிட்டா வெச்சிகினு இருந்தீங்க?"

"ஆமாம் அம்மா."

"நான் நீங்க படிக்கவே இல்லன்னு நெனச்சிகினு இருந்தேன் சாரு. அதுவே தேவலாம்."

இரண்டு இட்லி வைத்தார். சட்னி ஊற்றினார். இன்று வாருங்கள் என்று கேட்டேன். வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வந்திருக்கிறாரா என்று அந்த வாசல் பக்கம் பார்க்கிறேன். என் கண்ணாடிக்கு அவ்வளவு தூரம் தெரியவில்லை. யாரும் சொல்ல வேண்டாம். தெரியாமலே வாசித்துவிடுகிறேன்.

தலைவர் ஐயா மணி அடிக்கிறார். ஐயா, இத்தனை ஆண்டு நட்பின் பேரில் இரண்டு நிமிடம் கேட்கிறேன். காலையில் புறப்படும்போது பார்வதி சொன்னாள்: "இன்னைக்கும் வாசிக்காம எறங்கினீயன்னா, மேடையேறி நான் வாசிப்பேன். எனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். விடிஞ்சாலும் முடியாது, பாத்துக்கிடுங்க." அவள் அமர்ந்திருக்கிறாள். சொன்னால் செய்வாள். எனவே நான் வாசிப்பதே உங்களுக்கும் நல்லது.

பின்பக்கம். எழுத்துப் பிழையோடு இருக்கிறது. அப்படியே வாசிக்கிறேன்.

"சாருக்கு வணக்கம். கட்டத்துல டிக் அடிக்க எனக்குத் தெரியல. எங்க தெருவுல கனகம்னு ஒரு பொண்ணு ரெண்டு மாசம் முழுவாம இருக்குது. கலைச்சிடறேன்னு அழுவுது. போன பேறு காலத்துல செத்துப் பொழச்சதால பயப்படுது. நான் வேணாம்னு சொல்லி வெச்சிருக்கேன். ஆஸ்பத்திரிக்கி நர்சு வராங்கன்னு கேள்விப்பட்டேன், நான் ஜெயிச்சாலும் தோத்தாலும் அவங்கள வுடாம கொண்டாந்து சேக்கறேன்னு அதுங்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். அதுவும் சரின்னு சொல்லிச்சி. நான் ஒருத்தி போயி கேட்டா ஆபீசுல மதிக்க மாட்டாங்க. உங்க மன்றம் பெரிய மனுசங்க. நீங்க ஒரு கடுதாசி எழுதினா நர்சு சீக்கிரம் வந்துடுவாங்க. எனக்கு மார்க்கு போடாட்டியும் பரவால்ல. கடுதாசி மட்டும் எழுதுங்க. இப்படிக்கு சாமியம்மாள்."

கடிதம் எழுதப்பட்டது, அன்பர்களே. அவர் கேட்டபடியே, பெரிய மனிதர்களிடமிருந்து, அதே அலுவலகத்துக்கு, அதே செவிலியைப் பற்றி. வர வேண்டாம் என்று.

இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கருவுயிர் காப்போம் என்று உறுதிமொழி எடுத்தவர்கள்? நான் எடுத்தேன். தலைவர் எடுத்தார். வேட்பாளர் எடுத்தார். எங்களில் யார் ஒரு கருவைக் காத்தோம்? ஓர் உயிரின் பெயரைச் சொல்லுங்கள். ஒரு தெருவின் பெயரைச் சொல்லுங்கள். இந்த வட்டாரம் முழுவதிலும் ஒரே ஒருத்தி, ஒரே ஒரு கருவை, இரண்டு மாதம் தன் வாய்ச்சொல்லால் மட்டுமே காத்து வைத்திருந்தாள். அவளுக்கு நான் சைபர் போட்டேன். அந்தச் சைபரில் இரண்டு பேர் அடங்கியிருந்தார்கள். ஒருத்திக்குப் பெயர் கனகம். மற்றொன்றுக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்காமல் போவது எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

பட்டியலில் கையெழுத்திட மாட்டேன் என்று சொல்லத்தான் இன்று வந்தேன். நேற்று முழுவதும் ஒத்திகை பார்த்தேன். இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. பட்டியல் அச்சாகிவிட்டது. கட்டுக் கட்டாக மேடைக்குப் பின்னால் இருக்கிறது. போன முறை என் கையெழுத்துக்காகச் செய்த அச்சுக்கட்டை அச்சகத்திலேயே இருந்ததாம். என் கையெழுத்து அதில் விழுந்துவிட்டது. மிகத் தெளிவாக, மிக அழகாக. நான் மறுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. நாளைக் காலை முதல் ஷிப்ட் பஸ்ஸில் அது உங்கள் கைக்கு வரும். நீங்கள் வாங்குவீர்கள். நூற்றைந்து என்ற எண் பெரிதாக இருக்கும். எண் பெரிதாக இருந்தால் நாம் நம்புவோம். நான் இருபத்திரண்டு ஆண்டு நம்பினேன். என் பேச்சால் அது மாறும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. உங்களுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுக்கவும் என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பூட்டு இன்றும் தொங்குகிறது. வரும் வழியில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

மாலையை வேறு யாராவது போட்டுவிடுங்கள்.

பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. கேட்க முடியாமல் எழுந்து போனவர்களுக்கும் நன்றி, போகும்போது சத்தமில்லாமல் போனீர்கள். என்னை இதுவரை தடுக்காமல் இருந்த தலைவர் ஐயாவுக்கு நன்றி. வாசலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சாமியம்மாள் அவர்களுக்கு, கேட்க எனக்கு உரிமை இல்லாத மன்னிப்பைக் கேட்காமலே, என் வணக்கம்.

இந்தத் தாளைத் தலைவர் மேசையில் வைத்துவிட்டு இறங்குகிறேன். காற்றில் பறக்காமல் இருக்க மணியைத் தூக்கி மேலே வைத்துவிடுகிறேன் ஐயா. பின்பக்கம் மேலே இருக்கிறது.

வணக்கம்.